ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்

மார்ச் 3

கையேடு அச்சாகி வந்துவிட்டது. இரண்டாயிரம் பிரதிகள். ஜீப்பில் டீசல் கேனுக்குப் பக்கத்தில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேலே இருந்த கட்டு முழுக்க டீசல் வாடை. பிரித்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அட்டையில் நாங்கள் போன மே மாதம் வெட்டிய குழியின் படம். கத்தியால் கேக்கை வெட்டியதுபோல நேராக நிற்கும் மண்சுவர், நடுவில் கருப்பாக ஈரம், அதன் குறுக்கே அளவுகோல். ஓரத்தில் ஒரு செருப்பு நுனி தெரிகிறது. அது என்னுடையது. பதினோரு வருடம் இந்தப் பண்ணையில் மண்ணைக் கிளறியதற்கு என் செருப்புக்காவது அட்டையில் இடம் கிடைத்ததே. உள்ளே நன்றியுரையில் ‘களப்பணியாளர்கள்’ என்ற ஒரே சொல்லில் நானும் ஆறு பெண்களும் அடக்கம்.

திட்டத்தின் தலைவர் முனைவர் சௌந்தரராசன், அதாவது சார், எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். சற்றுமுன் ஜீப் சாவியால் காது குடைந்த அதே கையால் எடுத்துக் கொடுத்தார். வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் இங்கே செய்யும் வேலையை அம்மாவுக்கு எத்தனை முறை சொன்னாலும் புரிவதில்லை. சொட்டுநீர்க் குழாயில் இருக்கும் டிரிப்பரை இரண்டு மணி நேரம் சொட்ட விடுவோம். பிறகு சொட்டு விழுந்த இடத்திலேயே குழி வெட்டி, ஈரம் பக்கவாட்டில் எவ்வளவு போயிருக்கிறது, ஆழத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று அளப்போம். சார் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருக்கிறார். சொட்டும் வேகம், நேரம், மண்ணின் வகை மூன்றையும் போட்டால் குழி வெட்டாமலேயே ஈரத்தின் அகலம் வந்துவிடும். காங்கேயம் பக்கத்துச் செம்மண் சரளைக்கு அது சொன்ன அகலம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். நாங்கள் வெட்டிய பதினெட்டுக் குழிகளும் ஐம்பத்தாறுக்கும் அறுபதுக்கும் நடுவில் வந்தன. சார் பதிவேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆகவே டிரிப்பருக்கு டிரிப்பர் இரண்டடி இடைவெளி போதும், செடிகளை ஓரடிக்கு ஒன்றாக நடலாம் என்கிறது கையேடு. டிரிப்பருக்கு அடியில் ஒரு செடி, இரண்டு டிரிப்பர்களுக்கு நடுவில் ஒரு செடி. இரண்டு பக்கத்து ஈரமும் நடுச்செடிக்கு வந்து சேர்ந்துவிடும். பாதி டிரிப்பர் மிச்சம்.

குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகுகிறது. சொட்டுநீர் ஆராய்ச்சிப் பண்ணையில் குழாய் ஒழுகுவதைச் சரிசெய்ய ஆள் இல்லை.

மார்ச் 5

கல்லாங்காட்டுவலசு போனேன். அச்சுக்குப் போகும் முன்பே கையேட்டின் நகலை வாங்கி அதன்படி வயலில் சொட்டுநீர் டியூப் இழுத்த முதல் விவசாயி சென்னியப்பன் அங்கேதான் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். ஒன்றரை ஏக்கர் மிளகாய். நட்டு மூன்று வாரம் ஆகிறது. தோட்டத்து போர்வெல் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் தண்ணீர் தருமாம். பத்து மணிக்கு மேல் காற்றுதான் வரும் என்றார். இந்த மிளகாய் போனால் இந்த வருடம் நிலத்தில் வேறு எதுவும் வைக்கத் தண்ணீர் இல்லை என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அச்சான கையேட்டைக் கொடுத்தேன். மோட்டார் ரூமுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் உறை தேடி எடுத்து அதில் போட்டுக்கொண்டார். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். பிறகு அட்டைப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இத்தன வழுவழுன்னு வெட்டியிருக்கறாங்களே அம்மிணி. எங்க காட்டுல கடப்பாறயப் போட்டா பொலபொலன்னு சரிஞ்சல்லொ விழுகும்.”

எங்கள் ஆட்கள் பழக்கப்பட்டவர்கள் என்றேன். ஃபில்டரை வாரம் ஒரு தரம் கழுவுகிறாரா என்று கேட்டேன்.

மோர் கொடுத்தார்கள். தம்ளரில் ஒரு எறும்பு மிதந்தது. ஒதுக்கிவிட்டுக் குடித்தேன்.

மார்ச் 6

மெஸ் சாம்பாரில் கரப்பான் கால். எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 12

சென்னியப்பன் போன் செய்தார். நடுச்செடிகள் தலை தொங்குகின்றனவாம். சாரிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் டிரிப்பர் அடைத்திருக்கும், இந்த ஆட்கள் எதையும் கழுவ மாட்டார்கள் என்றார். நேரில் போய்ப் பார்த்தேன். ஒன்றுகூட அடைக்கவில்லை. மனுஷன் ஃபில்டரைச் சாப்பிடும் தட்டைவிடச் சுத்தமாக வைத்திருக்கிறார்.

ஒவ்வொரு பாத்தியிலும் ஒன்று பச்சை, ஒன்று வாட்டம், ஒன்று பச்சை, ஒன்று வாட்டம். பல் விழுந்த வாய்போல இருந்தது. பார்க்கவே பிடிக்கவில்லை. வாடிய ஒரு செடிக்குப் பக்கத்தில் விரலால் கிளறினேன். மேலே இரண்டு விரற்கடை தூசி. அதற்குக் கீழும் தூசிதான்.

என்ன செய்யலாம் அம்மிணி என்று கேட்டார். நேரம் போதவில்லை, காலையில் ஒன்றரை மணி நேரமும் சாயங்காலம் ஒன்றரை மணி நேரமும் ஓட்டுங்கள் என்றேன். சாயங்காலமும் இறைத்தால் காலையில் போர் தண்ணீர் தராதே என்றார். விட்டு விட்டு ஓட்டினால் ஊறும் என்றேன். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

“நீங்க சொன்னாச் சரிங்க. நீங்க மண்ண வெட்டிப் பாத்தவிங்க.”

பதிவேட்டில் எழுதியது: இடைச்செடிகளில் வாட்டம். காரணம், போதிய நேரம் நீர் விடாமை.

வரும் வழியில் பஸ்ஸில் ஒருவன் என் தோளில் தலை சாய்த்துக் எச்சில் வடியத் தூங்கினான். புடவையை ஊறவைத்திருக்கிறேன்.

மார்ச் 13

அடுத்த வாரம் இரண்டாம் பருவக் குழிகள் வெட்ட வேண்டும். இரண்டு பருவமும் ஒரே எண் வந்தால்தான் ஏப்ரல் இரண்டாம் தேதிக் கூட்டத்தில் மாவட்டம் முழுவதற்கும் பரிந்துரை ஆகும். குழி வெட்டும் பெண்களுக்குத் தலைவி சிலம்பாயி வந்தாள். வாயில் எந்நேரமும் புகையிலை. பேசுமுன் என் ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு வருவாள். அந்தச் சுவரில் எத்தனை வருடத்துக் கறை இருக்கிறதோ.

“போன வருசமாட்ட மொதநாளே ஓஸ் போட்டு நனைச்சுப் போடலாமுங்களா அம்மிணி?”

நனைப்பதா, அதை யார் சொன்னது என்று கேட்டேன்.

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

“ஆருஞ் சொல்லலீங்க. நாங்களா நனைச்சுட்டமுங்க.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். வேலிக்கல் நடுவதானாலும் தென்னங்குழி எடுப்பதானாலும் முதல் நாளே நாலு குடம் ஊற்றிவைப்பார்கள். ஊறினால்தான் கடப்பாறை இறங்கும், சுவர் சரியாமல் நிற்கும். அந்த வழக்கப்படி பெண்கள் செய்துவிட்டார்கள். நான் கவனிக்காமல் இருந்தது தவறு. அவ்வளவுதான்.

போன மே மாதம் முதல் நாள் ஆறு பேர் சேர்ந்து ஒரே ஒரு குழிதான் வெட்டினார்கள். அதுவும் சரிந்து, ஈரம் எது தூசி எது என்று தெரியாமல் போயிற்று. ஆறு பேர் கையிலும் கொப்புளம். வெள்ளிக்கிழமை கும்பகோணத்தில் என் தங்கைக்கு வளைகாப்பு. டிக்கெட் எடுத்திருந்தேன். எப்படியாவது வியாழனுக்குள் முடித்துவிடுங்கள் என்றேன். முடித்தார்கள்.

நான் பிறந்தது களிமண் ஊரில். அங்கே ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் ஈரம் பூசணிக்காய்போல அகன்று நிற்கும். இந்தச் சரளையில் முள்ளங்கிபோல நேரே கீழே இறங்கிவிடும். இது சிலம்பாயிக்கும் தெரியும். ஆனால் ஏற்கெனவே ஊறிய மண் புதுத்தண்ணீரைக் குடிக்காது, பக்கத்துக்குத் தள்ளிவிடும். பழைய ஈரம் எங்கே முடிகிறது, புது ஈரம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கும் தெரியாது. பதினெட்டும் ஒத்துப்போனதற்கு இது காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

மார்ச் 17

சாரிடம் சொன்னேன். பெண்கள் மண்ணை முன்கூட்டியே நனைத்துவிட்டார்கள் என்று தெரிகிறது, எண்கள் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு என்றேன். அவர் நகத்தைக் கடித்து மேஜைமேல் துப்பினார். கண்ணாடிக்குக் கீழே அவருடைய பெண்ணின் கல்யாணப் போட்டோ இருக்கிறது. நகம் மாப்பிள்ளையின் முகத்தின்மேல் விழுந்து கிடந்தது. எனக்கு அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

கோடைமழை பெய்தால் மண் நனையாதா என்றார் சார். மழை என்ன கேட்டுக்கொண்டா பெய்கிறது, அதுபோல இதுவும் இயற்கைதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இந்த வருஷமும் அப்படியே நனைச்சுட்டு வெட்டுங்க மேடம். முறையை மாத்தினா ரெண்டு பருவத்தையும் ஒப்பிட முடியாது. அதுதான் அறிவியல்.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. மனமார நம்பித்தான் சொன்னார். திருடுகிறவனையாவது சகித்துக்கொள்ளலாம். கண்ணில் கோடு போட்டதுபோல நேராகத் தெரியும் ஒன்றை இப்படிக் கோணலாக்கி, அதற்கு அறிவியல் என்று பெயரும் வைக்கிற ஆளை எப்படிச் சகிப்பது? பதிவேட்டில் இருக்கிற கையெழுத்து உங்களுடையது என்பதையும் நினைவூட்டினார். மறந்துபோயிருந்தால் அல்லவா நினைவூட்ட வேண்டும்.

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 20

ஓஸ் போட்டு நனைத்தார்கள். நான் நின்று பார்த்தேன்.

மார்ச் 21

பதினெட்டுக் குழிகள். 57, 58, 58, 59, 57, 58. மீதியும் அப்படித்தான். சுவர்கள் வழுவழுவென்று நின்றன. இந்த முறை செருப்பு படத்தில் விழாமல் தள்ளி நின்றேன்.

சிலம்பாயி ஒவ்வொரு எண்ணையும் நான் உரக்கச் சொல்லும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு வராது என்று யார் சொன்னது? வேலை முடிந்து மண்வெட்டியைக் கழுவும்போது, அந்த வலசுத் தோட்டத்து மிளகாய் எப்படியிருக்குதுங்க என்று கேட்டாள். நல்லாயிருக்கிறது என்றேன். அவளுடைய நங்கையா, அதாவது அண்ணி, வீடு அந்த ஊர்தானாம்.

கேஸ் தீர்ந்துவிட்டது. மூன்று நாளாக மெஸ்.

மார்ச் 26

குவார்ட்டர்ஸ் பின்னால் யாரும் வராத மூலையில் இருபது லிட்டர் கேனைச் செங்கல்மேல் வைத்து, ஒரு துண்டு டியூபும் ஒரு டிரிப்பரும் மாட்டினேன். காலை ஏழு மணிக்குத் திறந்து ஒன்பது மணிக்கு மூடினேன். மண் காய்ந்த மண். மூன்று மாதமாக அங்கே ஒரு சொட்டு விழவில்லை. துணி துவைத்த தண்ணீரைக்கூட நான் அங்கே ஊற்றுவதில்லை.

கடப்பாறையை நானே போட்டேன். கல்லில் இடிப்பதுபோல இருந்தது. முக்கால் மணி நேரத்தில் முழங்கை ஆழம். உள்ளங்கை இரண்டிலும் தோல் வழன்றது. சுவர் சரிந்துகொண்டே இருந்தது. கரண்டியால் சுரண்டிச் சுரண்டி ஒரு பக்கத்தை நிற்க வைத்தேன். முள்ளங்கிதான். ஒல்லியாக, நீளமாக, கருப்பாக.

31.

அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 31. தையல் டேப்பை எடுத்துவந்து அளந்தேன். 31.

மொத்த அகலம் முப்பத்தொன்று என்றால் டிரிப்பரிலிருந்து ஒரு பக்கத்துக்குப் பதினைந்தரை. நடுச்செடி முப்பது சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் வேர்ப்பக்கம் ஈரம் எட்டிக்கூடப் பார்க்காது. ஓட்டும் நேரத்தை இரண்டு மடங்காக்கினால் முள்ளங்கி இன்னும் நீளும். அகலாது. கூடுதலாக விட்ட தண்ணீர் முழுக்கச் செடிக்கு உதவாத ஆழத்துக்குப் போய்ச்சேரும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தது இது. மார்ச் 12 அன்று எனக்குத் தெரியாமல் இருந்தது என்று எழுத நினைத்து, எழுதவில்லை.

குழியை மூடிவிட்டேன். பதிவேட்டில் குறிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் கொல்லை திட்டத்தின் எல்லைக்குள் வராது.

மார்ச் 27

சென்னியப்பனுக்குப் போன் செய்ய எடுத்தேன். சார்ஜ் இல்லை. சார்ஜ் போட்ட பிறகு சாப்பிடும் நேரம் ஆகிவிட்டது.

மார்ச் 29

அவரே கூப்பிட்டார். போர்வெல் மூன்று நாளாகக் காற்றைத்தான் கக்குகிறதாம். காலையிலும் தண்ணீர் இல்லை. மோட்டாரைக் கழற்றி இன்னும் இரண்டு குழாய் இறக்கிப் பார்த்தார்களாம். சேறு வந்ததாம்.

“நீங்க சொன்னபடி ரெண்டு நேரமும் ஓட்டுனனுங்க அம்மிணி. ஒரு நாள் தப்பலீங்க.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. தான் சரியாகத்தான் செய்தேன் என்று எனக்குக் கணக்கு ஒப்பிக்கிறார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நேரில் வந்து பார்க்கிறேன் என்றேன். எப்போது என்று கேட்டார். கூட்டம் முடியட்டும் என்றேன்.

இன்று முழுக்க வாயில் ஒரு கசப்பு. இரண்டு தரம் பல் தேய்த்தேன்.

ஏப்ரல் 2

தலைமை அலுவலகத்தில் கூட்டம். ஏசி அறை, மேஜைமேல் பிளாஸ்டிக் பூ, ஆளுக்கு ஒரு முந்திரிப் பொட்டலம். சார் கோட்டு போட்டிருந்தார். படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் மாற்றுவது என் வேலை. இரண்டு பருவம், முப்பத்தாறு குழிகள், சராசரி ஐம்பத்தெட்டு. எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. யாரோ அடடா என்றார்கள்.

டாக்டர் பிலோமினா என்று ஓர் அம்மாள். நரைத்த தலை, பருத்திப் புடவை, அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். அதுவரை முந்திரியைத் தொடாமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சொட்ட விடறதுக்கு முன்னாடி மண்ணுல ஈரம் எவ்வளவு இருந்தது? அதைப் பார்த்தீங்களா?”

சார் சட்டென்று என் பக்கம் கையைக் காட்டி, மேடம்தான் களத்தில் இருந்தார்கள் என்றார். பதினோரு வருடத்தில் ஒரு கூட்டத்தில் அவர் என்னைக் காட்டியது இதுதான் முதல் தடவை. அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

காய்ந்த மண்தான் மேடம் என்றேன்.

அந்த அம்மாள் தலையசைத்து அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னதை நம்பி, என் கண்ணெதிரில், பேனாவால் எழுதிக்கொண்டார். பரிந்துரை நிறைவேறியது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உள்ளங்கையில் காய்ந்த தோல் வலித்தது.

சாப்பாட்டில் ஏழு வகை. சார் என் தட்டில் அவரே ஒரு வடையை எடுத்துவைத்து, பிழைத்துக்கொண்டீர்கள் மேடம் என்று காதோரம் சொன்னார். அவர் வாயிலிருந்து வெங்காய வாடை. கழுவுமிடத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன். பிறகு வந்து பாயசம் குடித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வாந்தி எடுத்துவிட்டு வந்து பாயசம் குடித்திருக்கிறேன்.

ஏப்ரல் 5

ஞாயிற்றுக்கிழமை. யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ்ஸில் கல்லாங்காட்டுவலசு போனேன்.

சென்னியப்பன் காய்ந்த நடுச்செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி குடத்தோடு வரிசையாகப் போய் மிச்சச் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நடுச்செடிகள் முழுக்கப் போய்விட்டன. போர் நின்ற பிறகு டிரிப்பரடிச் செடிகளிலும் பாதிக்கு மேல் போய்விட்டன. முன்தினம் லாரியில் தண்ணீர் வாங்கித் தொட்டியில் விட்டு, அன்று காலை இரண்டு மணி நேரம் ஓட்டியிருந்தாராம். கடப்பாறை வேண்டும் என்றேன். அவர் வெட்டுவதாகச் சொன்னார். வேண்டாம், நான்தான் வெட்ட வேண்டும் என்றேன்.

வெட்டினேன். மண் பொலபொலவென்று சரிந்தது. அள்ளிப் போட்டேன், மறுபடி சரிந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தாங்காமல் இறங்கிவந்து, சரியாமல் ஒரு பக்கத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அளவுகோலை வைத்தேன். முப்பது.

அவர் எண்ணைப் படித்தார். எழுந்துபோய் மோட்டார் ரூமிலிருந்து கையேட்டை உறையோடு எடுத்துவந்தார். படத்தைக் குழிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நனைச்ச மண்ணுன்னு மொத நாளே தெரியுமுங்க. படத்துக்கோசரம் நனைச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். அதுலயே அளந்திருப்பீங்கன்னு நெனைக்கலீங்க.”

மார்ச் 12 அன்றே சொல்லியிருந்தால் டியூபில் நடுவே ஒரு துளை போட்டு, இன்னொரு டிரிப்பரைச் செருகியிருப்பார். ஒரு நாள் வேலை. அதே தண்ணீரை அதே ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருப்பார். போர் இருந்திருக்கும், செடிகள் இருந்திருக்கும். இதை அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று விரலால் கிளறிப் பார்த்ததையும், தெரிந்தே இரண்டு நேரம் ஓட்டச் சொன்னதையும், கூட்டத்தில் காய்ந்த மண் என்றதையும் சொன்னேன். அவர் மனைவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். அவர் காறித் துப்பியிருந்தாலும் நான் துடைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

சென்னியப்பன் கையேட்டை உறையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“எம்பட மச்சான் நாளன்னைக்கு டியூப் இழுக்கறானுங்க, இதையப் பாத்துத்தான். சரியான நம்பரப் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

58 என்று இருந்த ஒவ்வொரு இடத்திலும் அடித்து 30 என்று எழுதினேன். மொத்தம் ஒன்பது இடம். இரண்டடி என்பதை அடித்து ஓரடி என்று எழுதினேன். அட்டையில், என் செருப்புக்குப் பக்கத்தில், கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். எதற்கு வந்தார் என்று தெரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் வந்திருக்க மாட்டேன். பஸ் திருப்பத்தில் தெரிந்தபோது கேட்டார்.

“நனைக்கச் சொன்னது ஆருங்க?”

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 6

காலையில் சிலம்பாயி ஜன்னலுக்கு வெளியே துப்பும் சத்தம் கேட்டு வெளியே போனேன். போன வருடம் நனைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, ஆருஞ் சொல்லலீங்க என்றாள். ஓஸை எடுத்து உன் கையில் கொடுத்தது யார் என்று கேட்டேன். வேண்டாமுங்க அம்மிணி என்றாள். எனக்காக ஒரு வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் துப்புவதைப் பற்றி நான் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

‘டாக்டர் பிலோமினா அவர்களுக்கு. ஏப்ரல் 2 அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். இரண்டு பருவத்திலும் சொட்ட விடுவதற்கு முதல் நாளே மண் நனைக்கப்பட்டது. முதல் பருவத்தில் நனைக்கச் சொல்லி ஓஸை எடுத்துக் கொடுத்தவள் நான். வேலை சீக்கிரம் முடிந்தால் ஊருக்குப் போகலாம் என்பதே காரணம். பெண்களுக்கு இதில் பங்கில்லை. இரண்டாம் பருவத்தில் நனைப்பதைத் தெரிந்தே நின்று பார்த்தேன். காய்ந்த மண்ணில் அகலம் 30 முதல் 31. இதை நம்பி நட்ட ஒரு விவசாயியின் மிளகாயும் போர்வெல்லும் போய்விட்டன. நேரம் போதவில்லை என்று அவரிடம் சொன்னதும் நான்தான். எங்கே கூப்பிட்டாலும் வந்து கடப்பாறை போட்டுக் காட்டத் தயார். மங்கையர்க்கரசி, தொழில்நுட்ப உதவியாளர்.’

நகல் சாருக்கு ஒன்று. அவர் படித்துவிட்டு, மேடம் மேடம் என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

இன்னொரு நகலைச் சென்னியப்பனுக்கு அனுப்பினேன். நேற்று அவர் கேட்டதற்குப் பதில் அதில் மூன்றாவது வரியில் இருக்கிறது.